மறு: ஸ்காஃபோல்டுக்குச் சொல்: சட்டகமா, சாரமா?

வணக்கம். ஆய்வகத்தில் திசு வளர்க்கும்போது செல்கள் பற்றிக்கொண்டு வளரத் தாங்கி நிற்கிற பொருளை ஆங்கிலத்தில் ஸ்காஃபோல்ட் என்பார்கள். உங்கள் கட்டுரைக்காக அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள்.

> ‘சட்டகம்’ என்றே எழுதிவிடலாமே?

வேண்டாம் ஐயா. சட்டகம் கடைசிவரை நிற்கிற பொருள். உங்கள் கட்டுரையில் வருகிற அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் லாங்கர் நம்பியதோ கரைந்துபோகிற பொருளை. 1974இல் வேதிப் பொறியியல் முடித்தவர், எண்ணெய் நிறுவனங்கள் கூப்பிட்டும் போகாமல் புற்றுநோயை ஆராய்ந்த மருத்துவர் ஜூடா ஃபோக்மனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பின்னாளில் அறுவை மருத்துவர் ஜோசப் வகாந்தியோடு அவர் எடுத்துக்கொண்ட பாலிமர், “தையல் பிரிக்க வர வேண்டாம், தானே கரைஞ்சிடும்” என்று டாக்டர் சொல்வாரே, அந்த நூலின் இனம். செல்கள் அதில் தொற்றிக்கொண்டு பெருகி, தங்களுக்கான பிடிமானத்தைத் தாங்களே சுரந்துகொள்ளும். அதற்குள் பாலிமர் ஈரத்தில் சிதைந்து வெளியேறிவிடும். பூச்சு முடிந்ததும் சாரம் பிரிக்கிற மாதிரிதான்.

யாழ்ப்பாணத்து நண்பர் “எங்களுக்குச் சாரம் இடுப்பில கட்டுறது” என்றதும் சிரித்துவிட்டேன். ஆனால் நிஜச் சிக்கல் வேறு. ‘திசுச் சாரம்’ என்றால் திசுவைப் பிழிந்த சத்து என்றுதான் படிப்பார்கள். அதனால் ‘சாரக்கட்டு’. ஆஸ்பத்திரியில் கட்டு என்றால் காயக்கட்டு ஆயிற்றே என்று அக்கா கேட்டது நியாயம்தான்; முன்னால் சாரம் நிற்பதால் அவ்வளவு குழப்பாது.

நான் செய்து பார்த்த முறையைச் சொல்கிறேன். உப்பைச் சலித்து, குளோரோஃபார்மில் கரைத்த பாலிமரோடு கலந்து வார்ப்போம். காய்ந்தபின் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து ஓட்டை மட்டும் மிஞ்சும். வெட்டிப் பார்த்தால் இட்லியின் உள்பக்கம்! இதைச் சாரக்கட்டு என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தயக்கம் இன்னொன்றில். 2008இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் இதயத்துக்குள் சோப்புக் கரைசலைச் செலுத்திச் செல்களை எல்லாம் கழுவி எடுத்தார்கள். மிஞ்சியது வெளுத்த, கண்ணாடி போன்ற இதயம். புதுச் செல்கள் விட்டபின் அது துடித்தது; எட்டாம் நாளுக்குள் இறைக்கவும் தொடங்கியது. இறைக்கும் திறன் வளர்ந்த இதயத்தில் சுமார் 2 சதவீதம்தான். ஆங்கிலத்தில் இதுவும் ஸ்காஃபோல்ட். ஆனால் இதை யாரும் கட்டவில்லையே, குடியிருந்தவர்களைக் காலிசெய்த வீடல்லவா? ‘கூடு’ என்போம்: செல்நீக்கிய கூடு. செல்லைக் கலம் என்கிற இலங்கை வாசகர்களுக்குக் கலம்நீக்கிய கூடு.

ரீஜெனரேட்டிவ் மெடிசினுக்கு மீளுருவாக்க மருத்துவம் என்பது நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி. செல்களைச் சாரக்கட்டில் இடுவதை ‘விதைத்தல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பைப்பெட் என்ற உறிஞ்சுகுழாயில் சொட்டுச் சொட்டாக விடுகிற, செல்கள் மிதக்கும் இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அது ஒட்டவில்லை. ஆய்வகத்தில் நாங்கள் “செல் விட்டாச்சா?” என்றுதான் கேட்போம். ‘செல்லிடல்’ என்றால் செல்போன் நினைவுக்கு வருகிறது. வேறு யாரிடமாவது சொல் இருக்கிறதா?