வீட்டில் எடுத்த ஸ்லீப் ஆப்னியா டெஸ்ட்: இன்னும் உறுத்தும் ரிப்போர்ட்டுகள்

(ஸ்லீப் ஆப்னியா: தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடுவது. கீழே மூன்று பேர் புனைப்பெயரில் பேசுகிறார்கள்.)

ராப்பதிவு:
ஏஹெச்ஐ, அதாவது மணிக்குச் சராசரியாக எத்தனை மூச்சுத் தடைகள் என்ற கணக்கு, 4 என்று வந்த ஒரு ரிப்போர்ட். மணிக்கு 5-க்குக் கீழே என்பதால் 'நார்மல்' என்று போட்டிருந்தார்கள். பதிவு 8 மணி நேரம், மூச்சுத் தடைகள் 32. ஆனால் அந்த மனிதர் பாதி இரவு விழித்தே கிடந்தார். வீட்டுக் கருவிகள் பெரும்பாலானவற்றில் மூளை அலை பார்க்கும் வயர்கள் கிடையாது. யார் எவ்வளவு நேரம் தூங்கினார் என்று அவற்றுக்குத் தெரியாது, பதிவு ஓடிய நேரத்தால் வகுத்துவிடும். அந்த 32-ஐத் தூங்கிய 4 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள்: 8. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறவரிடம் இந்த 4-ஐ நீட்டி 'ஒன்றுமில்லை' என்பது அநியாயம். லேபில் ஓர் இரவு முழுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

கேனுலா:
இதற்கு நேரெதிர் ஒன்று. ஏஹெச்ஐ 41, 'தீவிரம்'. பதிவுக் கோடுகளைத் திறந்தால், இரவு இரண்டு மணிக்கு மேல் மூச்சுக்காற்றுக் கோடு விட்டுவிட்டுப் படுத்துக் கிடக்கிறது. மூச்சசைவை அளக்கும் நெஞ்சுப் பட்டையின் கோடு ஒழுங்காக ஏறி இறங்குகிறது, ஆக்ஸிஜன் 96-ஐ விட்டு அசையவில்லை. மூச்சுக்காற்றை அளக்கும் மூக்குக் குழாய் பாதி நழுவியிருக்கிறது! 10 நொடி காற்று நின்றால் ஒரு தடை என்று சாஃப்ட்வேர் எண்ணிக்கொண்டே போயிருக்கிறது. ஆக்ஸிஜன் இறங்காவிட்டால் தடையே இல்லை.

நெஞ்சுப்பட்டை:
கேனுலா சொன்ன கடைசி வரி தவறு. ஒல்லியான இளம் வயதினருக்கு ஆக்ஸிஜன் இறங்குவதற்குள் தூக்கம் கலைந்து மூச்சு திரும்பிவிடும். விழிப்பைப் பதியாத கருவி அதைத் தவறவிடும். வாயால் மூச்சு விட்டாலும் மூக்குக் கோடு படுத்துவிடும். நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்துப் பாருங்கள். எதிரெதிராக அசைந்தால் தொண்டை அடைப்பு. இரண்டும் ஒன்றாக நின்றால் மூளையிலிருந்து கட்டளையே வரவில்லை, அது சென்ட்ரல் வகை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், ஓபியாய்டு வலி மருந்து தொடர்ந்து எடுப்பவர்களுக்கும் அந்த வகை வர வாய்ப்பு அதிகம்; அவர்களுக்கு வீட்டு டெஸ்ட் வேண்டாம், லேப்தான்.

டெஸ்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு: குழாயைக் காதுக்குப் பின்னால் சுற்றி, இரண்டு கன்னத்திலும் டேப் ஒட்டுங்கள். கன்னத்தில் க்ரீம், எண்ணெய் இருந்தால் டேப் விடியும்வரை தாங்காது. ஆக்ஸிமீட்டர் மாட்டும் விரலில் நெயில் பாலிஷ் இருக்கக் கூடாது. விரல் சில்லிட்டிருந்தாலும் அளவு தடுமாறும். பட்டை நழுவாத அளவுக்கு இருக்கட்டும், இறுக்க வேண்டாம். மல்லாந்து படுக்கும்போதுதான் பலருக்குத் தடை கூடும், அதனால் இரவு முழுக்க ஒருக்களித்தே படுத்துவிடாதீர்கள். குறைந்தது 4 மணி நேரமாவது தெளிவான பதிவு தேறவில்லையென்றால் மறுபடி எடுக்கக் கேளுங்கள்.