லயத்துக்கு ஒரு மீட்டரா, வீட்டுக்கு ஒரு மீட்டரா? மலையகத்துக் கரண்ட் அனுபவங்கள்

மஸ்கெலியாவிலிருந்து:

1969இல் தொடங்கிய இலங்கை மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கச் சட்டம் வந்திருக்கிறது. உற்பத்தி ஒரு கம்பனி, பெரிய லைன் ஒரு கம்பனி, வீட்டுக்கு வீடு கொடுப்பது ஒரு கம்பனி, இதையெல்லாம் சேர்த்து இயக்குவது இன்னொன்று. கட்டணம் கூடுமா, குறையுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற நமக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: பில் யார் பேரில் வருகிறது? என் வீட்டுக் கதையை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

எங்களுடையது 12 காம்பரா இரட்டை லயம், அதாவது தோட்டத் தொழிலாளருக்கென்று ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை; ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில் நின்றால் மவுசாகலை நீர்த்தேக்கம் முழுசாகத் தெரியும். அந்தத் தண்ணீர் கெனியனில் ஒரு தரம் டர்பைனைச் சுற்றும், பிறகு புதிய லக்ஷபானவில், பிறகு பொல்பிட்டியவில். ஒரே தண்ணீர் மூன்று இடத்தில் கரண்ட் தருகிறது. பழைய மஸ்கெலியா டவுன் அதற்கடியில்தான் இருக்கிறது. கடும் வரட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சாமி தல காட்டிருச்சி, இனி கரண்டு வெட்டுத்தான்" என்பார். அநேகமாக அவர் சொன்னபடியே நடக்கும்.

இத்தனை பக்கத்தில் இருந்தும் லயத்துக்குக் கரண்ட் வந்தது நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதுதான். வந்ததும் ஒரே ஒரு மீட்டர். லயத்தின் தொங்கலில் ஒரு பலகையில் அடித்திருந்தார்கள். அதிலிருந்து 12 காம்பராவுக்கும் வயர் ஓடியது. பில் தோட்டத்தின் பேரில் வரும், ஆபீஸில் அதை 12ஆகப் பிரித்து சம்பளத் துண்டில் கழிப்பார்கள். கழிக்கிற காசு சின்னக் காசாக இருந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் அதன் மேல் 66 வீதம். பெப்ரவரிக் கட்டணம் வந்த பிறகு ஒரு மாதம் அம்மாவின் துண்டில் 1,600 ரூபாய்க்கு மேல் கழிந்திருந்தது. அப்போது நாள் சம்பளம் 1,000 ரூபாய். எங்கள் வீட்டில் இரண்டு பல்பு, ஒரு டீவி, போன் சார்ஜர், அவ்வளவுதான். மாதம் 25 யூனிட்டுக்கு மேல் போகாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே ஆபீஸுக்குப் போனேன்.

ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ஐயா கோபப்படவில்லை. பில்லை எடுத்து மேசையில் விரித்தார். "தம்பி, நான் ஒரு சதம்கூடக் கூட்டல. நீங்களே பாருங்க" என்றார். உட்கார்ந்து ஒரு கடுதாசியில் கணக்குப் போட்டேன். லயத்துக்கு மொத்தம் 300 யூனிட். மீட்டருக்கு அது 12 குடும்பம் என்று தெரியாது. 300 யூனிட் எரிக்கிற ஒரே பெரிய வீடு என்றுதான் தெரியும். ஆகவே முதல் 90 யூனிட்டுக்கு யூனிட் 42 ரூபாய், அடுத்த 90க்கு 50, மிச்சம் 120க்கு 75, நிலையான கட்டணம் 2,000. கூட்டினால் 19,280. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 1,606 சொச்சம். கணக்குச் சரிதான்.

அதே 25 யூனிட்டைத் தனி மீட்டரில் எரித்திருந்தால்? 30 யூனிட்டுக்குள் எரிக்கிற வீட்டுக்கு அன்றைய கட்டணம் யூனிட் 30 ரூபாய், நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,150. பன்னிரண்டு வீடும் சேர்ந்து 13,800தான் கட்டியிருப்போம். அதே கரண்டுக்கு, அதே பல்புக்கு, 5,480 ரூபாய் கூடுதல். யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஏழைக்கென்று வைத்த முதல் கட்டணப் படி எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடுதாசியை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் தனி மீட்டருக்கு அலைந்த கதை. லயம் தோட்டத்து நிலத்தில் இருக்கிறது. ஆகவே தோட்டத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார்கள். எல்லோருக்கும்தான் கேட்கிறோம் என்றோம். கடிதம் கைக்கு வர 14 மாதம் ஆனது. அதற்குப் பிறகு பழைய வயரைக் கழற்றி, ட்ரிப் சுவிட்ச் வைத்துப் புதிதாக வயரிங் செய்து, அதற்கு அறிக்கை எடுத்து, கிராம சேவகரிடம் போய்... எல்லா வீட்டுக்கும் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. முதலில் ஏழு வீடு எடுத்தோம். மற்ற ஐந்து வீடும் சீட்டுப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்தன.

முதல் பில் 2025 மார்ச்சில் வந்தது. 22 யூனிட். அந்த ஜனவரியில் கட்டணத்தைக் குறைத்திருந்தார்கள்; யூனிட் 4 ரூபாய், நிலையான கட்டணம் 75. வரி நீங்கலாக 163 ரூபாய். அம்மாவுக்கு ஆங்கிலமும் சிங்களமும் வாசிக்கத் தெரியாது. தன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பில்லை மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார். கட்டிய பிறகும் அது அங்கேதான் இருக்கிறது.

தலவாக்கலையிலிருந்து:

வாசித்ததும் எங்கள் ஞாபகம் வந்தது, தம்பி. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக எங்கள் வீடு போனது. புதிய வீடு தந்தார்கள், தனி மீட்டரோடு. அந்த 150 மெகாவாட் நிலையம் 2012இல் ஓடத் தொடங்கியது. என் தங்கச்சி குடும்பம் தோட்டத்தின் அடுத்த கணக்கில் (பிரிவில்) லயத்திலேயே நின்றுவிட்டது. அவர்களுக்கு இன்றைக்கும் கூட்டு மீட்டர்தான். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பேர், ஒரே மாதிரி சமையல், ஒரே மாதிரி டீவி. 2023இல் தங்கச்சி வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். "உன் ஃபிரிட்ஜுக்கு நாங்க ஏன் காசு கட்டணும்" என்று பக்கத்து வீட்டோடு சண்டை வந்து ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ஃபிரிட்ஜைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மீன், பால் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது ஒரு குற்றமா? கூட்டு மீட்டர் காசை மட்டும் எடுக்கவில்லை, அக்கம்பக்கத்து உறவையும் எடுத்தது.

ஹட்டனிலிருந்து, ஓய்வுபெற்ற லைன் வேலைக்காரர்:

முப்பது வருடம் கம்பம் ஏறினவன் நான். மின்சார சபையைப் பிரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இது புதிதாக வந்த யோசனை இல்லை. 2002இலேயே பிரிக்கச் சட்டம் போட்டார்கள், அது நடைமுறைக்கு வரவில்லை. 2009இன் 20ஆம் இலக்கச் சட்டம் மின்சாரத்தை, கட்டணத்தைத் தீர்மானிக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் ஒழுங்குவிதிக்குள் கொண்டுவந்தது. பிறகு 2024இன் 36ஆம் இலக்கச் சட்டம், அதைத் திருத்தி 2025இன் 14ஆம் இலக்கச் சட்டம். நாடு கடனில் மூழ்கிப்போன பிறகு, செலவுக்கு ஏற்ற கட்டணம் வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியமும் சேர்ந்து நின்றதால்தான் இந்தத் தடவை வேகம். நிர்வாகம் சீராக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

என் பயம் வேறு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை கிரிட்டில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது உங்களுக்கு நினைவிருக்கும். நாடே இருண்டால் முதலில் எழும்புவது தண்ணீரில் ஓடும் நிலையங்கள்தான். நிலக்கரி நிலையம் தானாக எழும்பாது, அதைத் தொடங்கவே வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். ஆகவே மலையிலிருந்துதான் கரண்ட் கீழே இறங்கி நாட்டை எழுப்புகிறது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே லக்ஷபானத் தண்ணீரைக் கணக்கிட்டுச் சொன்னார். அந்த நிலையம் ஓட 1950 ஆனது.

இப்போது அதே மலையில் கடைசி லயத்துக்கு லைன் போகிற பாதையைப் பாருங்கள். பள்ளம், பாறை, கருப்பந்தேயிலை மரம். நாலு மைல் லைன் இழுத்தால் 60 வீடு, வீட்டுக்கு 25 யூனிட். கம்பனிக் கண்ணால் பார்த்தால் அந்த லைன் நட்டம். 2025 நவம்பர் கடைசியில் திட்வாப் புயலில் மண்ணோடு கம்பமும் போனபோது நான் ஓய்வில் இருந்தேன். ஆனாலும் பழைய பையன்களுக்குப் பாதை காட்டக் கூடவே போனேன். பாதையே இல்லை. கயிறு கட்டி, கம்பியைத் தோளில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள். தோட்டத்து இளைஞர்கள் கேட்காமலே வந்து கம்பத்தைத் தூக்கினார்கள். ஒரு லயத்தில் பல்பு எரிந்ததும் ஒரு பாட்டி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த நட்டத்துக்குள்ளும் லைனைப் போடுவது கடமை என்று உரிமத்தில் எழுதியிருக்க வேண்டும். நாடு முழுக்க ஒரே கட்டணம் என்பதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் முதலில் அடிபடுவது நாம்தான்.

அப்புத்தளைப் பக்கத்திலிருந்து:

நான் எழுதுவது சின்ன விஷயம். எங்கள் லயம் எரிந்தது மின்னொழுக்கால். 40 வருட வயர், ஒரு மீட்டரில் 20 வீடு, ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி. இரவு ஒன்றரை மணி. ஆள் சேதம் இல்லை, கடவுள் காப்பாற்றினார். என் மகளின் ஓ.எல். புத்தகமெல்லாம் போய்விட்டது. தனி மீட்டர் என்றால் தனி வயரிங், தனி ட்ரிப் சுவிட்ச். காசுக்கு முன்னால் உயிரை நினையுங்கள்.

கண்டியிலிருந்து:

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பொது விசாரணைக்குப் போன அனுபவத்தைச் சொல்கிறேன். 2025 மேயில் மின்சார சபை கட்டணத்தை 18.3 வீதம் கூட்டக் கேட்டிருந்தது. முடிவெடுக்க முன்னால் மாகாணம் மாகாணமாக மக்களைக் கேட்டார்கள். நான் பேர் கொடுத்துவிட்டு, பயந்துகொண்டேதான் போனேன். தமிழில் பேசினேன். மூன்று நிமிடம் இருக்கும். நான் கேட்டது ஒன்றுதான்: ஒரு மீட்டருக்குப் பின்னால் பல குடும்பம் இருந்தால் அவர்களை எந்தப் படியில் போடுவீர்கள்? மேசையில் இருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, எழுத்தில் தாருங்கள் என்றார். பை நிறையப் பில் கொண்டுபோயிருந்தேன், பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

ஜூனில் 18.3 கிடைக்கவில்லை, 15 வீதம் என்று தீர்ந்தது. பிறகு 6.8 வீதம் கேட்டார்கள், ஒக்டோபரில் ஆணைக்குழு மறுத்துவிட்டது. போய்ப் பேசுவதில் பிரயோசனம் இல்லை என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆணைக்குழு எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவுதான் நமக்குக் கதவு திறந்திருக்கும். 2023இல் கட்டண உயர்வை எதிர்த்து நின்ற ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்கவை மே மாதம் பாராளுமன்றம் 123க்கு 77 என்று வாக்கெடுத்து நீக்கியது. அவர் செய்தது சரியா பிழையா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் கட்டணத்தை எதிர்த்தவரின் நாற்காலி போனதைப் பார்த்த பிறகு, அடுத்து அதில் உட்காருகிறவர் எப்படித் தைரியமாக முடிவெடுப்பார் என்ற கவலை எனக்கு இன்னும் போகவில்லை.

மஸ்கெலியாத் தம்பிக்கு ஒரு விஷயம். காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்கு மின்சாரம் கொடுப்பதென்றால் உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் விலக்கு வேண்டும் என்று 2009 சட்டத்திலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். கூட்டு மீட்டரில் தோட்டம் யார், குடும்பம் யார்? குடும்பத்தைச் சட்டத்தில் நுகர்வோர் என்று எண்ணுவார்களா?

மஸ்கெலியாவிலிருந்து, மறுபடியும்:

கண்டி அக்கா, நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கட்டண விசாரணைக்கு எழுத்தில் கொடுக்கப் போகிறோம். தனி மீட்டருக்குச் சம்மதக் கடிதம் கேட்டால் இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று ஒரு விதி. தனி மீட்டர் வருகிற வரைக்கும் கூட்டு மீட்டரின் யூனிட்டைக் குடும்ப எண்ணிக்கையால் பிரித்து, அதன் பிறகு படியைப் போட வேண்டும் என்று இன்னொரு விதி. இரண்டாவது முடியாத காரியம் இல்லை. பில் நாள் கூடினால் படியையும் நாளுக்கு ஏற்பக் கூட்டித்தானே இப்போதும் கணக்குப் போடுகிறார்கள்? நாளுக்கு நீட்டுகிற படியை வீட்டுக்கும் நீட்டலாம்.

பழைய பில் வைத்திருக்கிறவர்கள் படம் எடுத்து அனுப்புங்கள், பேரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு. எத்தனை காம்பரா, எத்தனை மீட்டர், எத்தனை யூனிட், சம்பளத் துண்டில் எவ்வளவு கழிந்தது, இவ்வளவும் போதும். எங்கள் தோட்டத்தில் தொங்கக் கணக்கில் (கடைசிப் பிரிவில்) மட்டும் இன்னும் நாலு லயம் ஒரே மீட்டரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்களத்தில் நிற்பேன், பில்லைக் கொண்டுவாருங்கள்.