மாடியில் இருந்து கேட்ட பாட்டு: கொச்சி யூதப் பெண்களுக்குச் சுதந்திரம் இருந்ததா?

ஊர்சுற்றி சேது:
போன வாரம் மட்டாஞ்சேரி போயிருந்தேன். 1568-இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி, அதாவது தொழுகைக் கூடம். எல்லோரும் தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன ஓடுகளையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். பெண்கள் உட்காரும் இடம் அங்கேதான். ஆனால் அதற்கு முன்னாலேயே தோரா என்ற யூத வேதத்தை வாசிக்க இரண்டாவதாக ஒரு மேடை. கேரள யூதப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பாம் இது. சபத் என்ற சனிக்கிழமை ஓய்வுநாள் காலையிலும் பண்டிகைகளிலும் தோராச் சுருளை மேலே கொண்டுபோய் அங்கிருந்து வாசிப்பார்களாம்.

அதோடு அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டிப் பாடியிருக்கிறார்கள். பெண்ணின் குரலைக் கேட்பதே கூச்சத்துக்குரியது என்ற பொருளில் தல்மூத் என்ற யூதச் சட்ட நூலில் ஒரு வரி உண்டு. அதை வைத்துத்தான் பல ஊர்களில் ஆண்கள் முன்னால் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். கொச்சியில் ஆண்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்ற ஊர் யூதப் பெண்களைவிடக் கொச்சிப் பெண்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்கிறேன். மறுப்பு இருந்தால் வாருங்கள்.

நெல்லை வக்கீலம்மா:
இருக்கிறது, வந்துவிட்டேன்.

மேடையை மாடிக்கு ஏற்றினார்கள், சரி. அதில் ஏறி நின்று வாசித்தது யார்? ஆண்கள். பெண்கள் அதற்கும் பின்னால், மரத்தட்டிக்கு அந்தப் பக்கம். தன் கண் முன்னால் நின்று வேறொருவர் வாசிப்பதற்குப் பெயர் சுதந்திரமா?

மின்யான் பற்றி வழிகாட்டி சொல்லவில்லையா? கூட்டுத் தொழுகைக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். மரபுவழி யூதர்களிடம் பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள். 1950-களின் நடுவில் கொச்சி யூதர்களில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேல் போய்விட்டார்கள். பின்னாட்களில் மட்டாஞ்சேரியில் பத்து ஆண்கள் தேறாமல், வெளியூர் யூதர் யாராவது வந்தால்தான் முழுத் தொழுகை என்ற நிலைமை. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த கிழவிகள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களை எண்ண மாட்டார்கள். நேற்று விமானத்தில் வந்திறங்கிய பையன் பத்தாவது ஆள்!

ஏட்டுப்பூச்சி:
இரண்டு பேரும் பாதிதான் சொல்கிறீர்கள்.

அந்தப் பாட்டுகள் கையெழுத்து நோட்டுகளில் இருந்தன. அம்மாவின் நோட்டைப் பார்த்து மகள் எழுதிக்கொள்வாள். கல்யாணப் பாட்டு, பைபிள் கதை, பள்ளி கட்டிய கதை என்று நூற்றுக்கணக்கில் தேறும். அந்த மொழியைப் பார்த்தால் தமிழனுக்கு அந்நியமாகவே இருக்காது. கடவுள் அதில் 'தம்புரான்', தொழுகைக் கூடம் 'பள்ளி'. 1000-ஆம் ஆண்டை ஒட்டி சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடே வட்டெழுத்தில்தான் இருக்கிறது. நம் வணிகர் கல்வெட்டுகளில் வரும் அதே 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுப் பெயர் அதிலும் வருகிறது. கல்யாணத்தில் தாலிகூட உண்டு.

வக்கீலம்மாவுக்கு ஒன்று: கொச்சியில் பெண் பிள்ளைகளுக்கும் எபிரேயம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மாடியில் இருந்தபடி அவர்களும் சத்தமாகச் சேர்ந்து சொன்னார்கள். பல நாடுகளில் அந்தக் காலத்தில் இது கிடையாது.

சேதுவுக்கு ஒன்று: 'கொச்சி யூதப் பெண்கள்' என்று ஒரே கூட்டம் இருந்ததாக நினைக்க வேண்டாம். அதே பரதேசிப் பள்ளியில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒரு பிரிவைத் தள்ளி வைத்து, பெஞ்சில் உட்காரவே விடவில்லை. அந்தப் பிரிவில் பிறந்த ஏ.பி. சேலம் உள்ளே சத்தியாகிரகம் செய்தார். யூத காந்தி என்று பெயர் வந்தது அதனால்தான். உங்கள் தொழில்காரர்தான் வக்கீலம்மா.

நெல்லை வக்கீலம்மா:
சேலத்தைத் தெரியும் சார். அவரே என் சாட்சி. பெஞ்சு மறுக்கப்பட்ட ஆண், 'எனக்கும் இடம் கொடு' என்று கேட்க முடிந்தது, கடைசியில் கிடைத்தது. மாடியில் இருந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்களைப் பாட விட்டதே அந்தப் பாட்டு தொழுகைக் கணக்கில் வராததால்தான். கல்யாண வீட்டில் பாடு, தடையில்லை. தோரா மேடையில் ஏறாதே.

ஓய்வுபெற்ற நடராஜன்:
வணக்கம். எல்லாவற்றையும் உரிமை என்ற ஒரே படியால் அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குறித்த நேரத்தில் செய்தாக வேண்டிய கடமைகள் பலவற்றில் யூத மதம் பெண்ணுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. மின்யானும் அந்த வகையில்தான் வருகிறது. கடமை இருப்பவனை எண்ணுகிறார்கள், அவ்வளவே. வெள்ளிக்கிழமை விளக்கை யார் ஏற்றுகிறார்கள்? வீட்டம்மா. பிள்ளை யூதனா இல்லையா என்பதை எது தீர்மானிக்கிறது? தாய் வழி. வீட்டையே அவள் கையில் கொடுத்த மரபை நான்கு பெஞ்சை வைத்துக் குறை சொல்லலாமா?

நெல்லை வக்கீலம்மா:
நடராஜன் சார், 'வீட்டையே கையில் கொடுத்தார்கள்' என்பதை நம் ஊரிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பஸ்கா பண்டிகைக்குக் கொச்சி வீடுகளில் மாதக்கணக்கில் வேலை நடக்கும். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், பாத்திரம் தனி, அரிசியை மணி மணியாகப் பொறுக்க வேண்டும். பொறுக்கியது எந்தக் கை?

விலக்கு என்கிறீர்கள். விவாகரத்துக்கு வாருங்கள். 'கெட்' என்ற விடுதலைப் பத்திரத்தைக் கணவன் தன் கையால் கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்றால் அவள் அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். இஸ்ரேலில் யூதர்களின் திருமணமும் மணமுறிவும் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத நீதிமன்றங்களின் கையில். கொடுக்க மறுக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமத்தைப் பிடித்து வைக்கவும், சிறையில் போடவும் 1995-இல் தனிச்சட்டமே போட வேண்டி வந்தது. எல்லாம் சுமுகமாக இருந்தால் அந்தச் சட்டம் எதற்கு சார்?

ஓய்வுபெற்ற நடராஜன்:
கெட் விஷயத்தில் நான் வாதாட வரவில்லை. அது கொடுமைதான். ஆனால் ஒரு நோயைக் காட்டி உடம்பு முழுக்க அழுகல் என்கிறீர்கள்.

ஊர்சுற்றி சேது:
நான் பாட்டைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் குடும்ப நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போய்விட்டீர்கள். 😀 மதத்துக்குள்ளேயே மாற்றமும் நடந்திருக்கிறதே. 1935-இல் ஜெர்மனியில், பெர்லினைச் சேர்ந்த ரெஜினா யோனாஸ் ரப்பி, அதாவது யூத மதகுரு ஆனார், முதல் பெண். 1944-இல் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றுவிட்டார்கள். இன்று சீர்திருத்த யூதர்களிடம் பெண்களும் பத்தில் சேர்த்தி.

மார்த்தாண்டம் மேரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் இஸ்ரேலில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். பாட்டி கொச்சியில் பிறந்தவர், சின்னப் பிள்ளையாக இங்கே வந்தவர். எனக்கு மலையாளம் நன்றாக வரும் என்பதால்தான் இந்த வேலையே கிடைத்தது.

இந்த விவாதத்தை நேற்று அவருக்கு மலையாளத்தில் வாசித்துக் காட்டினேன். வெள்ளி மதியம், நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சபத் தொடங்கினால் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். வக்கீலம்மா கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன்: பாட்டி, உங்களைப் பத்தில் ஒருவராக எண்ணவில்லையே, வருத்தம் இல்லையா?

"எண்ணுவதற்கு நான் என்ன தேங்காயா?" என்றார்.

அப்புறம் சொன்னார், யூதர்கள் ஆட்களை ஒன்று இரண்டு என்று எண்ணவே மாட்டார்களாம். பத்துச் சொல் உள்ள ஒரு பைபிள் சங்கீத வசனத்தை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்களாம்.

நெல்லை வக்கீலம்மா:
அருமையான பதில், பாட்டிக்கு என் வணக்கம். ஆனால் இது நழுவல். அந்தப் பத்துச் சொல்லில் ஒன்றுகூட அவருக்கு இல்லை என்பதுதான் என் வழக்கே.

ஏட்டுப்பூச்சி:
மேரி அக்கா, நோட்டு ஏதாவது வைத்திருக்கிறாரா?

மார்த்தாண்டம் மேரி:
இருக்கிறது தம்பி. அவருடைய அம்மாவின் நோட்டு. நீல அட்டை, நூல் பிரிந்துபோய் துணி வைத்து ஒட்டியிருக்கிறது. தலையணைப் பக்கத்திலேயே இருக்கும். நான்கூட இன்னும் தொட்டதில்லை.

வக்கீலம்மா, நீங்கள் சொன்னதையும் இன்று காலையில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மாடியில் அம்மா மடியில் உட்கார்ந்து மரத்தட்டி இடுக்கில் விரலை விட்டு, மேடையில் நிற்கும் மாமாவின் சட்டையை இழுத்த கதையைச் சொன்னார். மாமா திரும்பியே பார்க்கவில்லையாம். "வாசிப்பில் ஒரு சொல் தப்பினார். அம்மாதான் உள்ளேயிருந்து சத்தமாகத் திருத்தினாள். அதற்கு மட்டும் திரும்பினார்" என்றார்.

ஓய்வுபெற்ற நடராஜன்:
இதை யார் பக்கம் எழுதிக்கொள்வது?

நெல்லை வக்கீலம்மா:
என் பக்கம்தான் சார். திருத்தத் தெரிந்தவளை வாசிக்க விடவில்லை.

ஊர்சுற்றி சேது:
என் பக்கம்! திருத்தினாள், அவர் கேட்டுக்கொண்டார்.

ஏட்டுப்பூச்சி:
சண்டை அப்புறம். அக்கா, ஒரு பாட்டாவது பதிவு செய்ய முடியுமா?

மார்த்தாண்டம் மேரி:
இன்று முடியாது, சபத். போனைப் பக்கத்தில் கொண்டுபோனாலே முறைப்பார். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தபிறகு கேட்கிறேன். இப்போது இங்கே மேகமாக இருக்கிறது.