லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி: தோட்டா போடுவது, எடுப்பது, ஹாஃப்-காக்கில் வைப்பது

மரிட்ஸ்பர்க்336:
வணக்கம். மார்லின் 336 (அடியிலுள்ள லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும் ரைஃபிள்), .30-30 தோட்டா. லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. குறுக்கே தள்ளும் சேஃப்டி பட்டன் வருவதற்கு முந்தைய மாடல், ஹேமர் (பின்னால் நிற்கும் சுத்தி) மட்டும்தான். கரும்புக்குள் இறங்கும் புஷ்பிக்குக்கும் (காட்டுப்பன்றி), எப்போதாவது இம்பாலா மானுக்கும். போல்ட் ஆக்‌ஷன் (கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் வகை) நன்றாகத் தெரியும், லீவர் புதிது. கேள்விகள்:
1. தோட்டா போடும் சரியான வரிசை என்ன? லோடிங் கேட் (தோட்டா நுழைக்கும் ஸ்பிரிங் கதவு) கட்டைவிரலைக் கடிக்கிறது.
2. சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) தோட்டாவோடு ஹாஃப்-காக்கில் (ஹேமர் பாதி ஏறிய நிலை) வைத்து பக்கியில் (பிக்கப் வண்டி) போகலாமா?
3. எடுத்து முடித்தபின் உண்மையிலேயே காலிதான் என்று எப்படி உறுதி செய்வது?
4. கூர்முனைக் குண்டு வைத்துக் கையால் நிரப்பிய தோட்டாக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. போடலாமா?

பழைய_இரும்பு:
தம்பி, நாலாவதற்கு முதலில் பதில்: போடக்கூடாது. விவரத்தைத் தோட்டா நிரப்புகிறவர்கள் யாராவது எழுதட்டும், நான் மற்ற மூன்றுக்கு வருகிறேன்.

போடும் வரிசை. குழல் மண்மேட்டைப் பார்க்கட்டும், சுட்டுவிரல் வெளியே நீட்டியபடி இருக்கட்டும். லீவர் வளையத்துக்குள் மற்ற மூன்று விரல்களுக்கு மட்டுமே இடம். லீவரை முழுக்கத் திறந்து சேம்பரைக் கண்ணால் பார், சுண்டுவிரலால் தடவியும் பார். போல்ட் ஆக்‌ஷன்காரர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். இங்கே இன்னும் இரண்டு இடம் பாக்கி: கேரியர் (தோட்டாவைச் சேம்பருக்குத் தூக்கும் தட்டு) மேல் ஒன்று படுத்திருக்கலாம், குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாயின் வாயில் ஒன்று நிற்கலாம். குழாயின் ஃபாலோயர் (தோட்டாக்களைப் பின்னால் தள்ளும் ஸ்பிரிங்கின் முனைத்துண்டு) கண்ணுக்குத் தெரிந்தால்தான் காலி.

லீவரை மூடு. இப்போது ஹேமர் ஏறி நிற்கும், காலிச் சேம்பர் மேல் மெதுவாக இறக்கிவிடு. பிறகு கேட் வழியாகப் போடு. முதல் தோட்டாவை முழுக்கத் தள்ளாதே. விளிம்பு கேட்டின் ஓரத்தில் தெரியும் அளவில் நிறுத்தி, அடுத்த தோட்டாவின் மூக்கால் அதை உள்ளே அனுப்பு. கேட் கடைசிவரை மூடாததால் விரல் மாட்டாது. கடைசித் தோட்டாவை மட்டும் கட்டைவிரல் நுனியால் ‘க்ளிக்’ கேட்கும்வரை தள்ள வேண்டும். அரைகுறையாக விட்டால் அது பின்னால் நழுவி லீவரை மறிக்கும். குழாய் ஆறு தோட்டா கொள்ளும்.

இப்படி, குழாய் நிறைந்து, சேம்பர் காலியாக, ஹேமர் இறங்கி இருப்பதுதான் காட்டில் நடக்கும் நிலை. மிருகம் தெரிந்ததும் லீவரை ஒருமுறை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றினால் போதும், ஒரு நொடி வேலை. சத்தம் வந்துவிடுமே என்று பயந்து லீவரைப் பாதி இழுப்பவர்கள்தான் தோட்டாவைச் சிக்கவைக்கிறார்கள்.

ஹாஃப்-காக். ஹேமரில் வெட்டிய ஆழமான பள்ளம் அது. சியரின் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) நுனி அதில் உட்கார்ந்தால் ட்ரிகரை இழுத்தாலும் ஹேமர் விழாது. நல்ல நிலையில் இருந்தால் நம்பலாம். ஆனால் சியரின் நுனி மெல்லியது, பழைய துப்பாக்கியில் தேய்ந்திருக்கும், யாராவது ட்ரிகரை லேசாக்குகிறேன் என்று அரம் போட்டும் கெடுத்திருப்பார்கள். காலித் துப்பாக்கியை ஹாஃப்-காக்கில் வைத்து, ஹேமர் முனையை முன்னால் அழுத்தியபடி ட்ரிகரை இழுத்துப் பார். கொஞ்சமும் அசையக்கூடாது. அசைந்தால் நேராக கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) போ.

பரீட்சையில் தேறினாலும் பக்கியில் சேம்பர் காலிதான். வண்டிக்குள் குழாயும் காலியாக இருந்தால் இன்னும் நல்லது. ஹேமரை முழுக்க இறக்கி உயிர்த்தோட்டா மேல் வைப்பது மட்டும் கூடவே கூடாது. ஃபைரிங் பின்னின் பின்முனையில் ஹேமர் சாய்ந்து கிடக்கும், வெளியே ஹேமரில் விழும் ஒரு தட்டு பிரைமருக்கு (அடிபட்டால் தீப்பற்றும் தோட்டாவின் அடிமூடி) அந்தப் பின் வழியாகப் போய்ச் சேரும்.

சேம்பரில் தோட்டா ஏறியபின் சுட வேண்டாம் என்று ஆனால் ஹேமரை இறக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. ஹேமர் முனையைக் கட்டைவிரலின் சதையால் அழுத்திப் பிடி, ட்ரிகரை இழு, ஹேமர் நகரத் தொடங்கிய கணமே ட்ரிகரை விட்டுவிடு. அப்போது கட்டைவிரல் வழுக்கினாலும் சியர் ஹாஃப்-காக் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். கடைசிவரை ட்ரிகரைப் பிடித்தபடி இறக்கினால் அந்தக் காப்பு இல்லை. தொலைநோக்கி தாழ்வாக மாட்டியிருந்தால் ஹேமருக்குப் பக்கவாட்டு நீட்டிப்பு ஒன்று போட்டுக்கொள். ஈரக்கையால், குளிரில் மரத்த விரலால் இதைச் செய்யாதே, லீவரைத் திறந்து தோட்டாவையே வெளியே எடுத்துவிடு.

காலி செய்வது. ஒவ்வொரு தோட்டாவும் சேம்பருக்குள் போய்த்தான் வெளியே வரும், ஆகவே விரல் ட்ரிகருக்கு வெளியே. வெளியே விழுவது நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. ஸ்பிரிங் சோர்ந்திருந்தால், குழாயில் நசுங்கல் இருந்தால், ஒரு தோட்டா உள்ளேயே தங்கும், துப்பாக்கியைச் சாய்த்ததும் நகர்ந்து வரும். இன்னும் இரண்டு முறை லீவரை அடித்து, டார்ச் பிடித்து அந்த மூன்று இடத்தையும் பார். போட்டதும் வெளியே வந்ததும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும்.

பித்தளை_பிரைமர்:
கூர்முனை விஷயம். குழாய் மேகசினில் ஒவ்வொரு குண்டின் மூக்கும் முன்னாலுள்ள தோட்டாவின் பிரைமர் மேல் உட்காரும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், தோட்டா வரிசை ஒன்றோடொன்று மோதும். கூர்முனை அங்கே ஃபைரிங் பின் வேலையைச் செய்துவிட்டால், முன்கையைப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்கு அடியில் குழாய் வெடிக்கும். அதனால்தான் .30-30 தோட்டாவில் தட்டை மூக்கும் மழுங்கிய மூக்கும். ஹார்னடியின் லீவரெவல்யூஷன் கூர்மையாகத் தெரிந்தாலும் முனை வளையும் ரப்பர் போன்ற பாலிமர், அதைப் போடலாம். மற்ற கம்பெனிகளின் கடினப் பிளாஸ்டிக் முனையை அதோடு குழப்பக்கூடாது.

கூர்முனைதான் வேண்டும் என்றால் துப்பாக்கியே வேறு: வின்செஸ்டர் 1895, பிரௌனிங் பிஎல்ஆர் இரண்டிலும் பெட்டி மேகசின், சாவேஜ் 99-இல் சுழல் மேகசின். அவற்றில் தோட்டாக்கள் மூக்கும் முதுகும் முட்டி நிற்பதில்லை.

கையால் நிரப்பியதில் இன்னும் இரண்டு கண்ணி உண்டு. பிரைமர் கேஸின் (பித்தளைக் கூடு) அடித்தளத்துக்குள் கொஞ்சம் அமிழ்ந்திருக்க வேண்டும், விரலால் தடவினால் மேடு தட்டக்கூடாது. குண்டின் இடுப்புப் பள்ளத்தில் கேஸின் வாய் இறுக்கி மடிந்திருக்க வேண்டும். மடிப்பு இல்லையென்றால் ஸ்பிரிங்கும் உதையும் சேர்ந்து குண்டைக் கேஸுக்குள் அழுத்தும், இடம் குறையும், அழுத்தம் எகிறும். யார் நிரப்பியது, எந்த வெடிமருந்து, எத்தனை கிரெய்ன் எடை என்று தெரியாத தோட்டா மலிவல்ல.

9.7 கிராம் அல்லது 11 கிராம் தட்டை மூக்குக் குண்டு உள்ள தோட்டா உங்கள் வேலைக்குப் போதும். 150 மீட்டருக்குள் நின்று சுடுங்கள்.

வடகரை_டர்பன்:
பழைய இரும்பு அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கணும். அவர் வரிசை 336-க்கும் வின்செஸ்டர் 94-க்கும் பொருந்தும், எல்லா லீவருக்கும் அல்ல. கேட் இல்லாத ஹென்றி மாடல்களிலும் .22 லீவர்களிலும் முன்னாலுள்ள உள்குழாயை இழுத்துத்தான் நிரப்ப வேண்டும். கை குழல் வாய்க்குப் பக்கத்தில் போகும், ஆகவே சேம்பர் காலி என்று பார்த்தபின்தான் குழாயைத் தொடணும். பிஎல்ஆரில் ட்ரிகர் லீவரோடு சேர்ந்தே இறங்கும். 94-இல் ட்ரிகர் நின்ற இடத்தில் நிற்கும், லீவரை மூடும்போது உள்ளே விட்ட விரல் நேராக அதில் மோதும்.

பக்கி பற்றிக் கேட்டதால்: தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 60-இன்படி பொது இடத்தில் ரைஃபிள் உறைக்குள், முழுக்க மூடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கணும். தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு 200 வரை. தம்பியோ மச்சானோ சுட்டுப் பார்க்கக் கேட்டால் நீங்கள் கூடவே நின்று பார்த்துக்கொண்டால்தான் முடியும்.

கடலோர உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது கேட்டின் ஸ்பிரிங்கும் குழாயின் உள்பக்கமும். குழாய்க்குள் எண்ணெயை ஊற்றாதீர்கள், தூசி ஒட்டி ஃபாலோயர் திணறும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மரிட்ஸ்பர்க்336:
எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. ட்ரிகர் தொளதொளவென்று ஆடுகிறது, உடைந்துவிட்டதா? லீவர் சில நேரம் பாதியில் கெட்டியாக நின்றுவிடுகிறது, ஏன்?

பழைய_இரும்பு:
ட்ரிகர் ஆடுவது பழுதல்ல. 336-இல் ட்ரிகரும் சியரும் தனித்தனித் துண்டுகள், அதனால் ட்ரிகர் தளர்ந்து தொங்கும். பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது: லீவர் முழுக்க மூடாவிட்டால் ட்ரிகரை ஒரு பிளாக் தடுக்கும். ஃபைரிங் பின்னும் இரண்டு துண்டு, பூட்டும் போல்ட் மேலே ஏறி முடிந்தபின்தான் அவை நேர்கோட்டுக்கு வரும். ஆகவே லீவரைக் கடைசிவரை மூடிப் பழகு, பாதி மூடியதில் ஹேமர் விழுந்தால் உதவாது.

லீவர் நிற்பதுதான் கவனிக்க வேண்டியது. லீவரின் கூர்மையான விளிம்பு நாளடைவில் கேரியரின் அடியில் பள்ளம் குடைந்துவிடும். கேரியர் ஒரு முடியளவு தாழ்ந்தால் குழாயிலிருந்து அடுத்த தோட்டாவின் விளிம்பு நழுவி அடியில் நுழைந்து லீவரைப் பூட்டிவிடும். அடித்துத் திறக்காதே, மேலே இழுக்கவும் கட்டாயப்படுத்தாதே. சேம்பரில் தோட்டா இருக்கிறது என்று வைத்துக்கொண்டே குழலை மண்ணுக்குத் திருப்பு, கேட்டை அழுத்தி மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அந்த விளிம்பைக் குழாய்க்குள் தள்ளு, முனை பிரைமரில் படக்கூடாது. அதற்கும் வழிவிடாவிட்டால் அப்படியே கன்ஸ்மித்திடம் சொல்லி ஒப்படை.

அவர் லீவரின் அந்த விளிம்பை மழுக்கி மெருகேற்றுவார், பள்ளம் ஆழமாயிருந்தால் கேரியரை நிரப்பி வெல்ட் செய்து தேய்ப்பார் அல்லது புதிதே போடுவார். அதற்குமுன் ஒன்று நீயே பார்: லீவர் ஸ்க்ரூவைக் கழற்றி லீவரையும் போல்ட்டையும் எடு. எஜெக்டர் (காலிக் கேஸை வெளியே தள்ளும் சின்னத் துண்டு) தளர்ந்து கீழே விழும், அதைத் தொலைத்துவிடாதே. துப்பாக்கியைத் திருப்பிக் கேரியரின் அடியைப் பார், பளபளவென்று ஒரு குழி தெரிந்தால் காரணம் அதுதான். ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் தட்டைமுனை டிரைவரை எடு, சமையலறைக் கத்தி வேண்டாம்.