தாத்தா வீட்டுக் குழு: தமிழ் மட்டும்

நான் 6:41
எல்லோருக்கும் வணக்கம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது விண்ணப்பம், சி.ஏ.ஓ. படிவத்தில் ஆறு இடங்கள். கடைசி நான்கை நிரப்பிவிட்டேன். முதல் இரண்டில்தான் இழுபறி. நர்சிங்கா, சமூகப்பணியா? இரண்டும் டர்பனில், பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இருக்கின்றன, இரண்டும் நான்கு ஆண்டுப் பட்டம்.

அம்மா 6:42
இதில் என்ன இழுபறி? நர்சிங்.

தாத்தா 6:44
தீர்ப்பு மட்டும் எழுதாதே அம்மா, காரணமும் எழுது.

அம்மா 6:45
வேலை கிடைக்கும் அப்பா. அவ்வளவுதான் காரணம்.

பீனிக்ஸ் மாமா 6:47
நர்சிங் படித்தால் மகப்பேறு, மனநலம் எல்லாம் ஒரே பட்டத்தில் வந்துவிடும். ஒரு கல்லில் நான்கு மாங்காய்.

பெரியம்மா 6:52
அது என் காலத்துக் கதை தம்பி. இப்போது பட்டத்தில் பொது நர்சிங்கும் மகப்பேறும் மட்டும். மனநலம் வேண்டுமென்றால் பிறகு தனியாகப் படிக்க வேண்டும். பட்டம் வாங்கியதும் அரசு போடும் இடத்தில் ஓர் ஆண்டு சமூக சேவை கட்டாயம். தூரத்து ஊரான உலுண்டியில் போட்டாலும் மூட்டையைக் கட்டத்தான் வேண்டும்.

பீனிக்ஸ் மாமா 6:53
உலுண்டியில் நல்ல மட்டன் கிடைக்கும்.

தாத்தா 6:53
ஆட்டிறைச்சி.

நான் 6:55
சித்தி, நீங்கள்தானே சமூகப்பணியாளர், ஒன்றுமே சொல்லவில்லையே?

சித்தி 7:20
இப்போதுதான் கோப்புகளை மூடினேன். அக்கா வேலையைப் பற்றிச் சொன்னது பொய்யல்ல. 2007 இல் அரசு உதவித்தொகை கொடுத்துச் சமூகப்பணி படிக்க வைத்தது. ஆளை உருவாக்கினார்கள், பணியிடத்தை உருவாக்கவில்லை. என்னோடு படித்த ஒருத்தி இன்னும் துணிக்கடையில் பில் போடுகிறாள். நர்ஸுகளும் இப்போது காத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இருப்பவர்களுக்கோ தலைக்கு மேல் வேலை. வளர்ப்புக் குடும்பத்தில் விடும் குழந்தைக்கு நீதிமன்ற ஆணை பொதுவாக இரண்டு ஆண்டுதான் செல்லும், பிறகு நீட்டிக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா முழுவதும் அந்த ஆணைகள் காலாவதியாகிக் குவிந்து, 2011 இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. என் மேசையில் இருப்பதும் அதே மலையின் ஒரு துண்டுதான்.

அம்மா 7:21
கேட்டுக்கொண்டாயா?

சித்தி 7:26
இன்னும் முடிக்கவில்லை அக்கா. ஒரு குழந்தையை ஆபத்திலிருந்து உடனே வெளியே எடுத்தால், அடுத்த வேலைநாளில் விஷயம் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். அப்படி ஒரு நாள் ஒரு சிறுமியைக் காரில் ஏற்றினேன். பொம்மை, பை எதையும் எடுக்கவில்லை. கொடியில் கிடந்த பள்ளிக்கூட சாக்ஸை உருவிக்கொண்டு வந்தாள். ஈர சாக்ஸ். வழியெல்லாம் பிழிந்துகொண்டே வந்தாள். என் கார் இருக்கை காய்ந்துவிட்டது. எனக்கு இன்னும் காயவில்லை.

பெரியம்மா 7:33
இதுதான் வித்தியாசம் பாப்பா. காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் ஏறுவேன், இரவு ஏழு மணிக்கு அடுத்தவளிடம் ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைப்பேன். தோளில் இருந்த, நர்ஸ் என்று காட்டும் கருஞ்சிவப்புப் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டால் நான் வெறும் உன் பெரியம்மா. அந்தப் பட்டையில் மகப்பேறுக்கான பச்சைக் கோடு வந்த நாளில் ஆயா இரண்டு முறை பாயசம் வைத்தாள். உன் சித்திக்கு ஒப்படைக்க ஆளே இல்லை, பார்.

நின்று நின்று கால் வலி மட்டும் மிச்சம் எனக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா 7:40
நிறவெறியை எதிர்த்துப் போராடிய அல்பெர்டினா சிசுலு நர்ஸ். மண்டேலாவை மணந்த வின்னி மடிகிசேலா சமூகப்பணியாளர், பரக்வநாத் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். இரண்டு பேரையும் அன்றைய நிறவெறி அரசு நிம்மதியாக விடவில்லை. எது சாதுவான வேலை என்று தேடாதே.

பீனிக்ஸ் மாமா 7:41
அப்பா, பிள்ளை படிவம்தான் நிரப்புகிறது. சிறைக்குப் போகவில்லை.

பெரியம்மா 7:44
பாப்பா, ஆயாவின் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றியபோது மின்வெட்டு. நீதானே டார்ச் பிடித்தாய். கை நடுங்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அன்றே நர்ஸ் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் 7:51
புண்ணைப் பார்த்தேன் பெரியம்மா, பயமில்லை. ஆனால் பக்கத்துப் படுக்கைப் பாட்டி நினைவிருக்கிறதா? வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. மூன்று நாளாகச் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் படுக்கை காலி. யாரிடம் கேட்டாலும் தெரியவில்லை. இன்னும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தி 7:53
மருத்துவமனையிலும் சமூகப்பணியாளர் உண்டு. அந்தச் செருப்பு அவர்கள் வேலைதான்.

பெரியம்மா 7:58
சரிதான். எனக்கு அந்தப் பாட்டியின் முகமே நினைவில்லை.

நான் 8:10
முதலில் சமூகப்பணி, இரண்டாவது நர்சிங். அனுப்பட்டுமா?

அம்மா 8:22
இரண்டாவதை அழிக்காமல் வைத்திரு. அப்புறம், நாளை சித்தியுடன் அலுவலகத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார். அதற்குப் பிறகு அனுப்பு.

சித்தி 8:23
சாப்பாடு கட்டிக்கொண்டு வா. எனக்கும் சேர்த்து.

தாத்தா 8:25
படிவத்தில் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுது. போன முறை ஓர் எழுத்தை விட்டாய்.