முரண்நகையில் நகை எங்கே?

ஆங்கிலத்தில் ஐரனி எனப்படும் முரண்நகையைப் பற்றி மூன்று பேர் சொன்னவை இவை.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சோஃபக்ளீஸின் ஈடிபஸ் நாடகத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். முந்தைய மன்னனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று ஈடிபஸ் எல்லோர் முன்பும் சபதம் செய்கிறான், கொலைகாரனைச் சபிக்கவும் செய்கிறான். கொன்றவன் அவனேதான். பார்வையாளருக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. "முரண்நகைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது" என்று நான் சொன்னதும், வயதில் மூத்த ஓர் உறுப்பினர் கேட்டார்: "இதில் சிரிக்க என்னம்மா இருக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முரண்நகை, நகைமுரண் என்று எப்படி எழுதினாலும் உள்ளே நகை, அதாவது சிரிப்பு, உட்கார்ந்திருக்கிறது. அதனால் சிரிப்பு வந்தால்தான் ஐரனி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மூலச் சொல்லான கிரேக்க எயிரோனியாவில் சிரிப்பே இல்லை. தெரிந்ததைத் தெரியாததுபோலக் காட்டிக்கொள்வதுதான் அதன் பொருள். தனக்கு ஒன்றும் தெரியாது என்ற பாவனையில் சாக்ரடீஸ் கேள்வி மேல் கேள்வி கேட்டது அந்த வகை. வெளியே ஒன்று, உள்ளே வேறொன்று. அந்த இடைவெளிதான் முக்கியம். சிரிப்பு வரலாம், கண்ணீரும் வரலாம். இதைச் சொன்ன பிறகு அவர் அந்தக் காட்சியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அப்போது யாரும் பேசவில்லை.

*

நான் பார்த்த குழப்பம் வேறு. குடையை மறந்த நாளில் மழை பெய்தால், "என்ன ஐரனி பாருங்க" என்பார் என்னோடு வேலை செய்தவர். அது வெறும் துரதிர்ஷ்டம். பாடகி அலானிஸ் மோரிசெட்டின் 'ஐரானிக்' பாட்டு 1996இல் தனிப்பாடலாக வந்ததிலிருந்து, கல்யாண நாளில் மழை பெய்வது ஐரனியா என்று உலகமே விவாதித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது ஐரனியாகப் படவில்லை.

அப்புறம் ஒருநாள் அவருக்கே உண்மையான ஐரனி நேர்ந்தது. கணினிக் கோப்புகள் தொலைந்துவிடக் கூடாதே என்று நகல் எடுக்க உட்கார்ந்தார். எந்த வன்தட்டிலிருந்து எந்த வன்தட்டுக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டார். காலி வன்தட்டின் நகல் ஏறி, இருந்த கோப்புகள் அத்தனையும் அழிந்தன. எதைத் தடுக்க நினைத்தாரோ, அந்த முயற்சியே அதைக் கொண்டுவந்தது. அன்று அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. நானும் சொல்லவில்லை, மனசு வரவில்லை.

*

நான் தமிழாசிரியர். குத்திப் பேசுவதெல்லாம் ஐரனி என்று மாணவர்கள் எழுதுவார்கள். "அடடா, என்ன அறிவு!" என்பது ஏளனம். அதில் ஐரனியின் சாயல் உண்டு, சரி. ஆனால் ஐரனி முழுவதும் ஏளனம் இல்லை, ஈடிபஸை யாரும் ஏளனம் செய்யவில்லையே.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை நடத்தும்போது இன்னொரு சிக்கல் வரும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய படைக்கலங்களைப் பார்க்கிறார். இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். ஒரு வகுப்பில் பாதிப் பேர், "தொண்டைமானைப் புகழ்கிறார்" என்றே எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சொற்கள் அப்படித்தான் இருக்கின்றன. போருக்கே போகாத வேல்தான் பளபளக்கும் என்று யோசித்தால்தான் பாட்டு திரும்பும். வஞ்சப்புகழ்ச்சி (புகழ்வதுபோல் பழிப்பது) என்ற பெயரை நான் முதலில் சொல்வதை இப்போது நிறுத்திவிட்டேன். "எந்த வேல் அதிகம் உழைத்தது?" என்று மட்டும் கேட்கிறேன். பின்வரிசையில் யாராவது ஒருவர், "ஐயா, அப்போ இது திட்டா?" என்று நிமிர்வார்.