நொடிக்குள் மறையும் இடைநிலைப் பொருள்: குழாயில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

வினையின் நடுவே தோன்றி அடுத்த படியில் தீர்ந்துபோவதுதான் இடைநிலைப் பொருள். குடுவையில் வினை நடத்தினால் நேரம் கடிகாரத்தோடு ஓடிவிடுகிறது. இரு திரவங்களை டி (T) வடிவ இணைப்பில் கலந்து மெல்லிய குழாயில் தொடர்ந்து ஓடவிட்டால், நேரம் நீளவாக்கில் படுத்துக் கிடக்கிறது. உள்விட்டம் 0.5 மில்லிமீட்டர் உள்ள குழாயில் 10 சென்டிமீட்டர் நீளம் சுமார் 20 மைக்ரோலிட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு 6 மில்லிலிட்டர் செலுத்தினால் அந்தத் தூரத்தைக் கடக்க 0.2 நொடி. அந்த இடத்தில் எப்போது பார்த்தாலும் அதே வயதுள்ள, அதாவது கலந்து அதே நேரம் ஆன கலவைதான் இருக்கும். மெதுவான கருவியை வைத்தும் ஆற அமரப் பார்க்கலாம். 1923இல் ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் ஹீமோகுளோபினின் வினைவேகத்தை அளந்தது இந்த வழியில்தான்.

நான் துரத்தியது எஸ்டர் தொகுதி கொண்ட ஓர் அரைல் லித்தியம்; பென்சீன் போன்ற வளையத்தின் கார்பனில் லித்தியம் ஏறிய, மிக வேகமாக வினைபுரியும் பொருள். சற்றுத் தாமதித்தால் பக்கத்து மூலக்கூறின் எஸ்டரையே தாக்கி வீணாகிவிடும். அதனால் குழாயின் முடிவில் இன்னொரு டி இணைப்பு வைத்து, டியூட்டீரியம் (ஹைட்ரஜனின் கனமான வகை) ஏற்றிய மெத்தனாலைச் செலுத்தினேன். அதுவரை தாக்குப்பிடித்த மூலக்கூறுகளில் லித்தியத்தின் இடத்தில் டியூட்டீரியம் ஏறிவிடும். சாதாரண ஹைட்ரஜன் ஏறியதைவிட நிறை ஒன்று கூடுதலாக இருப்பதால் மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறைமாலையில் தனியே தெரியும். பிறகு குழாயின் நீளத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனேன். ஓட்ட வேகத்தில் கைவைக்கவே கூடாது. அதைக் குறைத்தால் நேரம் கூடுவதோடு கலப்பும் கெடும். விளைச்சல் சரிந்தால் எதனால் என்று சொல்ல முடியாது. புதிதாக வருபவர்களிடம் இதைத்தான் அடித்துச் சொல்கிறேன். கியோட்டோவில் யோஷிதா குழுவினர், எஸ்டரைவிட எளிதில் தாக்கப்படும் கீட்டோன் உள்ள அரைல் லித்தியத்தையே 3 மில்லிநொடியில் வினைப்படுத்தி 2011இல் வெளியிட்டார்கள். எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்கவில்லை.

* * *

மேலே எழுதியவர் உணர்கலம் (ஓடும் கலவையைக் கருவி பார்க்கும் சிறு அறை) வைக்காததுதான் சரி. கலமும் அதற்குப் போகும் இணைப்பும் சேர்ந்து 50 மைக்ரோலிட்டர் கொண்டால், அவருடைய வேகத்தில் அங்கேயே அரை நொடி போய்விடும். பார்க்கப் போகும் வழியிலேயே பொருள் தீர்ந்துவிடும்.

நான் செய்வது கர்ட்டியஸ் வினை; அசைல் அசைடு நைட்ரஜனை இழந்து ஐசோசயனேட்டாக மாறும் வினை. நிமிடக்கணக்கில் நடப்பதால் அகச்சிவப்புக் கலம் தாராளமாகப் போதும். அசைல் அசைடு 2140 அருகே தேய, ஐசோசயனேட் 2270 அருகே எழும்பும், இரண்டும் ஒவ்வொரு பொருளும் அகச்சிவப்பை உறிஞ்சும் இடத்தைக் குறிக்கும் அலையெண்கள் (செ.மீ.⁻¹). தொல்லை கொடுப்பது வெளியேறும் நைட்ரஜன். குமிழ்கள் திரவத்தை முன்னே தள்ளித் தங்கும் நேரத்தைக் குறைக்கின்றன; கலத்தைக் கடக்கும்போதெல்லாம் கருவி வரையும் கோடு பள்ளத்தில் விழுகிறது. கலத்துக்குப் பின்னால், குழாயில் அழுத்தத்தைத் தக்கவைத்துக் குமிழ்களை அடக்கும் பின்னழுத்த வால்வு பொருத்திய பிறகுதான் கோடு நிலைத்தது.

* * *

முதலில் எழுதியவர் சொன்ன 0.2 நொடி சராசரிதான் என்பதை மறக்க வேண்டாம். அந்த வேகத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற கரைப்பான் சீரான அடுக்குகளாகவே ஓடும். நேர்க்குழாயின் நடுவில் வேகம் சராசரியைப் போல இரு மடங்கு. எனவே நடுவில் வருவதன் வயது 0.1 நொடிதான், சுவரை ஒட்டியது வெகுநேரம் பின்தங்கும். விரவல் (மூலக்கூறுகள் தாமாகவே பரவுவது) இந்த வேறுபாட்டைச் சமன்செய்ய அவ்வளவு குறுகிய நேரம் போதாது. குழாயை இறுக்கமான சுருளாகச் சுற்றினால் குறுக்கே சுழல் எழுந்து வயது வித்தியாசம் குறையும். இடைநிலைப் பொருளின் அரை ஆயுளை (பாதி தீர ஆகும் நேரத்தை) கணக்கிடும் முன், வினை ஏதுமில்லாமல் ஒரு சாயத்தைச் சட்டென்று செலுத்தி அது எவ்வளவு பரவி வெளிவருகிறது என்று பார்த்துவிடுங்கள்.